பின்னூட்டங்களை மூடாத வன்னாஸ்

செய்தி வந்தபோது மதியம் இரண்டு மணி தாண்டியிருந்தது. என் மாணவிகளுக்கு உயிரியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டதால் கேள்வித்தாளையே விசிறியாக்கிக்கொண்டு எழுதினார்கள். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவள் கையில் என் கைப்பை இருந்தது. ஆசிரியர் அறையில் வைத்த பையை இவள் ஏன் எடுத்து வருகிறாள் என்று யோசித்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நுஹாத், ஆஸ்பத்திரிக்குப் போம்மா. உங்க அண்ணன்."

"உயிரோட இருக்கானா?"

"வாசல்ல டாக்சி நிக்குது. போம்மா."

ஆஸ்பத்திரி அவன் வேலை பார்த்த இடம்தான். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்துச் சுட்டிருந்தார்கள். நான் போனபோது உள்ளே கொண்டுவந்து தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் இடதுபக்கம் மட்டும் மிச்சமிருந்தது. வெள்ளை மேலங்கியின் பையில் இருந்த பேனா உடைந்து, ரத்தத்தோடு நீல மையும் கலந்து விலா வழியாக ஓடிக் காய்ந்திருந்தது. சாகடிக்கப்பட்டவர்களை எக்ஸ்ரே எடுத்துத்தான் சவ அறைக்கு அனுப்ப வேண்டும். யாரும் அவனைத் தள்ளிக்கொண்டு போகாமல் நின்றார்கள். அன்று எக்ஸ்ரே அறையில் பணியில் இருந்தவன் அவன்தான்.

என் அண்ணன் வன்னாஸ் ஒரு வலைப்பூ எழுதினான். அதில் யார் வேண்டுமானாலும் பின்னூட்டம் எழுதலாம் என்று விட்டிருந்தான். அதற்காகத்தான் செத்தான். தெருவில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஜெனரேட்டர் தகராறு என்கிறார்கள், குலப்பகை என்கிறார்கள், பெண் விவகாரம் என்றுகூட ஒருத்தி துக்க வீட்டிலேயே கிசுகிசுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பஸ்ராவில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரையும்போல அவனும் சண்டைக்குள் பிறந்து சண்டைக்குள் வளர்ந்தவன். ஈரானோடு நடந்த சண்டையில் ஃபாவ் முனைக்குப் போன அப்பாவின் பெல்ட் மட்டும் திரும்பி வந்தது. அவன் மருத்துவக் கழகத்தில் இரண்டு வருஷம் படித்து எக்ஸ்ரே எடுப்பவனானான். கை உடைந்த பிள்ளைகள், இருமுகிற கிழவர்கள் என்று போயிருக்க வேண்டிய வேலை. ஆனால் முகமூடிக் கூட்டங்கள் ஊரைப் பிடித்துவைத்திருந்த அந்த வருஷங்களில் அவனிடம் வந்தவை வேறு. துளைபோடும் மெஷினால் முழங்காலில் ஓட்டை போட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட்ட உடல்கள். கைகள் பின்னால் கம்பியால் கட்டப்பட்டவை. கம்பி படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் சொல்லவில்லை. அப்போது ஊரில் யாருமே எதையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கதறல் கேட்டால் நாங்கள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டங்களை ராணுவம் விரட்டிய பிறகுதான் வலைப்பூவைத் தொடங்கினான். அதற்கு 'வன்னாஸின் முதீஃப்' என்று பெயர் வைத்தான். முதீஃப் என்பது எங்கள் ஒவ்வொரு குலத்துக்கும் இருக்கிற விருந்து மண்டபம். கதவு பூட்டுவதில்லை. வருகிறவன் யாரானாலும் காபி உண்டு. மூன்று நாள்வரை அவன் பெயரைக்கூடக் கேட்கக்கூடாது. எங்கள் குலத்தின் மண்டபம் பெரியப்பா ஃபாலிஹுடையது. வன்னாஸுக்குத் தனியாக ஒன்று கட்ட வசதி கிடையாது. குழந்தையும் இல்லை. இன்னும் வராத பிள்ளைக்குத் தகப்பன் என்ற பொருளில் ஊர் அவனை அபூ காயிப் என்றே கூப்பிட்டது. அவனுக்கு வந்துபோகிற ஆட்கள் வேண்டியிருந்தது.

அவன் எழுதியதெல்லாம் சின்ன விஷயங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு கூடியிருக்கிறது, எந்த மருந்துக்கடையில் இன்சுலின் இருக்கிறது, எந்தச் சோதனைச்சாவடியில் வரிசை நீளம். அவன் எழுதுவது நாலு வரி. அதன்கீழே ஜனங்கள் எழுதுவது நாற்பது வரி. வாயைத் திறக்காமல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே வந்து பேசினார்கள். திட்டினார்கள், ஜோக்கடித்தார்கள், காணாமல் போன மகனின் பெயரைப் போட்டு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஒருத்திக்கு மகனின் உடல் எங்கே கிடைத்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

பின்னூட்டத்துக்கு அவன் ஒரு விதி வைத்திருந்தான். எது வந்தாலும் மூன்று நாள் இருக்கும். யாராவது எடுக்கச் சொன்னால் அதற்கப்புறம்தான் அதைப் பற்றிப் பேச்சு. விருந்தாளிக்கு உள்ள அதே மூன்று நாள்.

அவன் நண்பன் சத்தாரும் பழைய வீடுகளைப் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருந்தான். அதில் பின்னூட்டத்துக்கு இடமே கிடையாது. ஒருநாள் சுபூர் மீன் சாப்பிட வந்தவன் முள்ளை எடுத்துக்கொண்டே வன்னாஸிடம் ஆரம்பித்தான்.

"நான் எழுதறேன், நீ படி, போய்க்கிட்டே இரு. உனக்கு வயிறு எரிஞ்சா உன் வீட்டுச் சுவத்துல எழுதிக்கோ. என் வீட்டுக்குள்ள எதுக்கு வந்து துப்பற?"

"நியாயந்தான்," என்றான் வன்னாஸ். "ஆனா உன்னோடதைப் படிக்கிறது நீயும் உன் பொண்டாட்டியும் மட்டும்தானே."

"அவளும் படிக்கிறதில்லடா."

நான் நடுவில் சொன்னேன். "வர்றதை முதல்ல நீ பாத்துட்டு அப்புறம் வெளிய விடலாமேண்ணே. அதுக்கு வசதி இருக்கே."

"வாசல்ல நின்னு பையைத் திறந்து காட்டச் சொல்றியா? வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என் பையை எத்தனை பேர் கிளறுறானுங்க தெரியுமா. நானும் ஒரு சாவடி போடணுமா?"

அண்ணி ஸுந்துஸ் தட்டை எடுத்துக்கொண்டே, "இந்த முதீஃபுக்கு நான் காபி போட வேண்டியதில்ல. எனக்கு அது போதும்," என்றாள்.

இந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஆக்ஸிஜன் மெஷினை நம்பியிருந்த ஒரு கிழவர் இறந்தார். மதியம் அரசு மின்சாரம் போனதும் தெரு ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்குத்தான் மாதாமாதம் கட்டுகிறோம். ஓடவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரின் சொந்தக்காரர் ஹாஜி மிஸ்ஹிர் மதியத்தில் நிறுத்திவிடுவது எல்லோருக்கும் தெரியும். வன்னாஸ் யார் பெயரையும் போடாமல் நாலு வரி எழுதினான். கீழே எல்லோரும் பெயரைப் போட்டார்கள்.

'ஈச்சமுள்' என்ற பெயரில் எழுதிய ஒருவன் மிஸ்ஹிரைத் திட்டியதோடு நிற்கவில்லை. அவருடைய மகள்களைப் பற்றி ஒரு வரி எழுதினான். அந்த வரியை நான் இங்கே எழுதமாட்டேன்.

மறுநாளே மிஸ்ஹிரின் தம்பி மகன் அகீல் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அபூ காயிப், அந்த வரியை அழி."

"நாளன்னிக்கு அழிச்சிடறேன், அகீல். என் வழக்கம் அது. உங்க மண்டபத்துல ஒருத்தன் தப்பாப் பேசிட்டா அந்த நிமிஷமே கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுவீங்களா?"

"எங்க மண்டபத்துல எவனும் அப்படிப் பேசிட்டு எந்திரிச்சுப் போகமாட்டான்."

"உங்க பதிலையும் கீழேயே எழுதுங்க. எவ்வளவு கடுமையா எழுதினாலும் நான் தொடமாட்டேன்."

"நாங்க எழுதற பேனா வேற," என்று சொல்லி வைத்துவிட்டான்.

"இப்பவே அழிண்ணே," என்றேன்.

"எழுதினவன் நேத்து எனக்குப் போன் பண்ணினான், நுஹாத். செத்தது அவனுக்கு வேண்டியவர். அழுவுறான். என்ன எழுதினோம்னே அவனுக்குத் தெரியல. நாளன்னிக்கு அவனே எடுத்துருவான். அதுவரைக்கும் இருக்கட்டும்."

வேறு ஊரில் ஒருவன் இப்படிச் செய்திருக்கமாட்டான். ஒரு பொத்தானை அமுக்கினால் போகிற வரி. மூன்று நாள் மரியாதையை ஒரு பெட்டிக்குள் எழுதப்பட்ட வசவுக்கும் கொடுக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

அன்று மாலைத் தொழுகை முடிந்த கையோடு இரண்டு பிக்கப் வண்டிகள் வந்தன. குலத்தார் எச்சரிக்கைக்குச் சுடுவது எங்களுக்குப் புதிதில்லை. வழக்கமாக வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், அதிகம் போனால் மதில்மேல். இவர்கள் வண்டியின் பின்னால் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியை வீட்டுக்கு நேரே திருப்பினார்கள். நானும் அண்ணியும் சமையலறைத் தரையில் விழுந்தோம். வெண்டைக்காய்க் குழம்பு அடுப்போடு கவிழ்ந்து அவள் முதுகில் கொட்டியது. குண்டுச் சத்தத்தில் அவள் அலறியதுகூட எனக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. மாடித் தொட்டி கிழிந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்கியது. முன்னறைச் சுவரில் சிமெண்ட் உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கதவு நிலையில் ஒரு கை போகிற அளவுக்குப் பள்ளம்.

பக்கத்து வீட்டு மீன்காரர் சாஸிப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். தொடையில் குண்டு இறங்கி எலும்பு இரண்டானது. வன்னாஸ்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான், அவன்தான் படம் எடுத்தான். நான் அண்ணியின் தீப்புண்ணுக்கு மருந்து வாங்க அங்கே நின்றிருந்தேன். படுத்துக்கொண்டே சாஸிப் பல்லைக் கடித்துக் கேட்டார்.

"ஏண்டா வன்னாஸ், உன் வலைப்பூவுல நான் ஒரு வரிகூட எழுதினதில்லையே. எனக்கு எதுக்குடா குண்டு?"

"எழுதியிருந்தா குறி பாத்து சுட்டிருப்பானுங்க மாமா. அசையாம படுங்க."

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா எழுதறேன் இரு. உன்னையும் அவனுங்களையும் சேத்துத் திட்டி எழுதறேன்."

"எழுதுங்க. மூணு நாள் இருக்கும்."

வலியோடு சாஸிப் சிரித்தது நினைவிருக்கிறது. அவர் கால் பிறகு சீழ் பிடித்து முட்டிக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று.

காலையில் எங்கள் மதிலில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'இந்த வீட்டான் குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.' இப்படி எழுதிய வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள், வாடகைக்கு வரமாட்டார்கள், ரொட்டிக்காரன்கூட நிற்காமல் போவான்.

பெரியப்பா ஃபாலிஹ் தன் மண்டபத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூட்டினார். பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் சோறாக்குவது நாங்கள்தான், சமையல்கட்டு ஜன்னல் மண்டபத்தின் பக்கம். மிஸ்ஹிர் பக்கத்துப் பெரியவர் ஹாத்திம் தனக்கு ஊற்றிய காபியைக் கீழே வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டோம் என்று அதற்குப் பொருள். அவருடைய ஆட்கள் எல்லோரும் வைத்தார்கள். கோப்பைகள் வரிசையாகப் பாயைத் தொட்ட சத்தம் கேட்டது.

பெரியப்பாதான் முதலில் பேசினார். "எழுதினவன் எங்க பையன் இல்ல. அது கம்ப்யூட்டர். யாரோ வந்து கிறுக்கினதுக்கு எங்க பையன் எப்படிப் பொறுப்பு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், ஃபாலிஹ்," என்றார் ஹாத்திம். "எனக்கு இந்தக் கருமம் புரியாது. பசங்க காகிதத்துல எடுத்துட்டு வந்து காட்டினானுங்க. அபூ காயிப், நீயே சொல்லு. உன் வாசல்ல என்னன்னு எழுதி வச்சிருக்க?"

"முதீஃப்," என்றான் என் அண்ணன்.

"டீக்கடைன்னு வச்சிருந்தா பேசினவனைத் தேடிப் போயிருப்போம், உன்கிட்ட வந்திருக்கமாட்டோம். சுவருன்னு வச்சிருந்தா காறித் துப்பிட்டுப் போயிருப்போம். முதீஃப்னு நீதான் வச்ச. அங்க ஒருத்தன் மானம் போனா வீட்டுக்காரன் பொறுப்பு. நான் சொல்றது தப்பா?"

மண்டபத்தில் ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில்கூட. வன்னாஸே சொல்லவில்லை.

"சரிதான்," என்றான். "பொறுப்பு என்னது. மன்னிப்புக் கேக்கறேன், அந்த வரியையும் அழிச்சிட்டேன்."

"பேரைச் சொல்லு."

"அதைமட்டும் கேக்காதீங்க மாமா. வீட்டுக்காரன் பொறுப்புன்னு நீங்கதான் சொன்னீங்க. விருந்தாளியைப் பிடிச்சுக் குடுக்கிறவனை உங்க மண்டபத்துல உட்கார விடுவீங்களா?"

அப்போதுதான் அகீல் எழுந்தான். ஜன்னல் வழியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கீழே வைத்திருந்த கனமான பித்தளைக் கெண்டியை எடுத்து என் அண்ணனின் முகத்தில் அடித்தான். இரண்டாவது அடி விழுந்தபோது புருவம் பிளந்து எலும்பு தெரிந்தது. சூடான காபி கண்ணுக்குள் போயிருந்தது. இருபக்கத்தவரும் எழுந்தார்கள். யாரோ ஒருவன் துப்பாக்கியின் பூட்டை இழுக்கிற சத்தம். ஹாத்திம் கைத்தடியால் அகீலின் மணிக்கட்டில் அடித்த அடியில் கெண்டி தெறித்து விழுந்தது.

மண்டபத்துக்குள் கை ஓங்கியது அவர்கள் செய்த பெரிய குற்றம். அதனால்தான் அன்று நாங்கள் தப்பித்தோம். ஹாத்திம் தலைகுனிந்து, பெயரைக் கேட்பதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைவரை தவணை என்று முடிவாயிற்று. அதற்குள் வன்னாஸ் தன் வலைப்பூவில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி மூடிவிட வேண்டும். தவணைக்குள் எவனும் எவன்மேலும் கை வைக்கக்கூடாது. வலைப்பூவில் இன்னொரு வசவு வந்தால் தவணையை முறித்தது எங்கள் பக்கம் என்றாகும். எல்லோரும் காபி குடித்தார்கள்.

தையல் போட்ட புருவத்தோடு அவன் மூட ஆரம்பித்தான். வலைப்பூவின் அமைப்புகளுக்குள் போய் ஒரே அமுக்கில் மூடினான். புதிய பதிவுகளுக்கு மட்டும்தான் அது செல்லுபடியானது. பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மூட வேண்டும். மிஸ்ஹிர் எங்கள் வீட்டுக்கு வரும் ஜெனரேட்டர் கம்பியை அறுத்திருந்தார், அதனால் அரசு மின்சாரம் வருகிற நேரத்தில் வீட்டிலும் மற்ற நேரத்தில் ஆஸ்பத்திரிக் கணினியிலுமாகச் செய்தான்.

அதுகூட முடிந்திருக்கும். ஆனால் அவன் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மூடினான்.

"கண்ணை மூடிக்கிட்டு அமுக்குண்ணே. படிக்க இதுவா நேரம்?"

"இங்க ஒருத்தி இன்சுலின் எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கா. பதில் சொல்லாம கதவைச் சாத்தச் சொல்றியா?"

"எப்பக் கேட்டது?"

"போன மாசம்."

"போன மாசம் கேட்டவ இந்நேரம் வாங்கியிருப்பா, இல்லன்னா செத்திருப்பா."

"அப்ப வாங்கிட்டியான்னு கேட்டுட்டு மூடறேன்."

எழுந்து நின்ற அண்ணி, முதுகில் ஒட்டிய துணியைப் பிடித்துக்கொண்டே, "இந்த மனுஷனைக் கட்டினதுக்கு நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியிருக்கலாம், என் பேச்சையாவது கேட்டிருக்கும்," என்றாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் குனிந்தான். தவணை இருக்கிறது, ஹாத்திமின் வாக்கு இருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வியாழன் காலை, உப்புத் தண்ணீரைப் பற்றிய பழைய பதிவின்கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. ஸ்வீடனிலிருந்து எழுதுவதாக அவனே போட்டிருந்தான். எங்களுக்குச் சொந்தமில்லை, ஈச்சமுள்ளும் இல்லை. மதிலில் எழுதியது, கெண்டியால் அடித்தது எல்லாம் கேள்விப்பட்டு வன்னாஸுக்கு ஆதரவாக எழுதுகிறானாம். மிஸ்ஹிரின் குலத்து ஆண்களைப் பேடிகள் என்றும், அவர்கள் வீட்டுப் பெண்களைப் பெயர் சொல்லி இன்னும் கேவலமாகவும் எழுதியிருந்தான். அங்கே குளிர்நாட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு எழுதிய வீரம்.

வன்னாஸ் அதைப் பார்க்கவில்லை. லாரி கவிழ்ந்து அடிபட்டவர்கள் வந்ததால் காலை முழுக்க எக்ஸ்ரே அறையில் இருந்தான். அகீல் பார்த்தான். ஹாத்திமிடம் போய்க் காட்டினான். கிழவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தடுத்தேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். தடுத்திருக்கலாம்.

கூட்டம் குறைந்ததும் வன்னாஸ் கணினிமுன் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் சக ஊழியன் டீ குடிக்கக் கூப்பிட, எழுந்து போயிருக்கிறான். டீக்கடைக்காரர் சொன்னதைத்தான் நான் எழுத முடியும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். அகீல் முகத்தை மூடக்கூட இல்லை. "அபூ காயிப், உன் கதவு திறந்திருக்கு" என்றானாம். என் அண்ணன் கையில் கோப்பையோடு, "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அகீல், இன்னைக்கு முடிச்சிருவேன்" என்றானாம். முதல் குண்டு கழுத்தில். விழுந்த பிறகு அகீல் இறங்கி வந்து முகத்துக்கு மேலே துப்பாக்கியை வைத்துத் தீரும்வரை சுட்டான். டீக்கடைக்காரரின் கன்னத்தில் என் அண்ணனின் பல் ஒன்று வந்து குத்தியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் துக்கம் முடிவதற்குள் பெரியப்பாவின் மகன்கள் மிஸ்ஹிரின் ஜெனரேட்டரை எரித்தார்கள். காவலுக்கு இருந்த வங்காளத்து ஆள் கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை வெளியே இழுத்தபோது தோல் கையோடு வந்ததாம். அவனுக்காக எந்த மண்டபத்திலும் யாரும் காபியைக் கீழே வைக்கவில்லை. இப்போது இரண்டு தரப்பும் மறுபடி பேசுகின்றன. அகீல் சதுப்புநிலத்துப் பக்கம் ஒளிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தெருவுக்கு மின்சாரமில்லை.

சத்தார் துக்கத்துக்கு வந்தபோது, நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பித்து முடிக்காமல் போனான். முடித்திருந்தாலும் நான் மறுத்திருக்கமாட்டேன். மூடு என்று நானும்தான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் திறந்திருக்கிற பழைய பதிவுகளின்கீழே இப்போது ஜனங்கள் வந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கால் உடைந்தபோது கைமாறாக ஒன்றும் வாங்காமல் படம் எடுத்தான், என் மகனின் உடலைக் கண்டுபிடிக்க உதவினான் என்றெல்லாம். நடுநடுவே, நல்லா வேணும் என்றும் சிலர். நான் எல்லாவற்றையும் படிக்கிறேன். கடவுச்சொல் எங்களில் யாருக்கும் தெரியாது. அழிக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

நேற்று அவனுடைய சக ஊழியன் அவன் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று மதியம் கணினித் திரை அப்படியே திறந்திருந்ததாம். எலும்புத் தேய்வு பற்றிய பழைய பதிவு ஒன்றின்கீழே, அம்மாவால் நடக்க முடியவில்லை, படம் எடுக்க எப்போது கூட்டிவரலாம் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். பதில் பெட்டியில் வன்னாஸ், 'ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது, தங்கச்சி, பின்வாசல் வழியா' என்பதுவரை அடித்திருந்தான்.